வாய் நிறையக் கோதுமை

காலையில் ஹம்தம் அண்ணனுக்கு சலாம் சொன்னால் பதில் வராது. கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். கோதுமையைக் கூழாக மென்று, உள்ளங்கையில் துவளும் புறாக்குஞ்சுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டிக்கொண்டிருப்பார். நமங்கான் ஊரில் எங்கள் தெருவுக்கு இது பழகிவிட்டது. அவர் மனைவி முகத்தஸ் அக்காவுக்குத்தான் ஆறவில்லை. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு வாய் ஊட்டியிருப்பாரா இந்த மனுஷன்?" என்று மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்னிடம் கேட்பார்.

அண்ணன் பிழைப்புக்குப் பேருந்து பிரேக் சரிபார்க்கிறவர். உயிர் இருப்பதோ கூரைமேல் புறாக்கூண்டில். அவருடைய புறாக்களுக்குக் காலில் பூட்ஸ் போட்டதுபோல் இறகு. நெற்றிக்கொண்டை கவிழ்ந்து அலகை மறைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒன்றைக் கையில் ஏந்தி நடந்தாரானால் கூட்டம் வழிவிடும். "மூக்கு எங்கன்னு தேடணும்ல?" என்பார், பெருமை தாங்காமல்.

பெரிய வித்தை எதுவுமில்லை. மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே, வருடா வருடம் பொரித்ததில் அலகு ஒரு நூல் குட்டையானதையும் கொண்டை ஒரு நூல் பெருத்ததையும் வைத்துக்கொள்வார், மற்றதை விற்றுவிடுவார். அவ்வளவுதான்.

இந்த வசந்தத்தில்தான் அடி விழுந்தது. ஓட்டை உடைக்கத் தெம்பில்லாமல் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்தன. நகத்தால் கீறி அவர் வெளியே எடுத்தவற்றுக்குத் தாய்ப்புறாவால் ஊட்ட முடியவில்லை. வேலைக்குப் போகாமல் மென்று மென்று ஊட்டினார். அப்படியும் ஒவ்வொன்றாகப் போயின. கண்பட்டுவிட்டதென்று மூலிகைப் புகை போட்டார். தீவனக்காரனைத் திட்டினார். மற்றப் பெட்டைகள் கிழடாகிவிட, கடைசியில் முட்டையிடும் வயதில் மிஞ்சியது மலிகா என்ற ஒரே பெட்டை. அதோடு அந்த வம்சம் முடிந்துவிடுமோ என்று மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

முகத்தஸ் அக்கா எதையும் தூக்கிப்போடுகிறவர் அல்ல. ஒருநாள் முற்றத்துக் கட்டிலில் மூன்று பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"எல்லாம் உங்க புறாவுக்குத் தீனி வெச்சதுதாங்க. முதல்ல இந்தச் சட்டி. அலகு எட்டலைன்னு கிண்ணம் வாங்குனீங்க. அதுவும் எட்டலைன்னு தட்டு. இனிமே என்ன, என் உள்ளங்கையா?"

அண்ணன் சட்டிக்குள் விரலை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு கிண்ணத்தில். தட்டில் நகம்கூட மறையவில்லை.

"நான் எந்த வருஷமும் பெருசா ஒண்ணையும் மாத்தலையே, முகத்தஸ்."

"சட்டியை மாத்துனீங்களே."

தெருவில் மேயும் சாம்பல் புறா ஒன்று உண்டு. நீள மூக்கன். இனம் கெட்டுவிடும் என்று இத்தனை நாள் கழியால் விரட்டிய அதே ஆண்புறாவை அன்று சாயங்காலம் பிடித்து, மலிகாவின் கூண்டில் விட்டார். சந்தைக்குச் சேதி போகாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு துர்கூன் என்கிற புறாக்காரன், "அடுத்தது காக்காவா, அண்ணே?" என்று கேட்க, தேநீர்க்கடையே சிரித்தது. அண்ணன் குனிந்து தேநீரைக் குடித்தார்.

மலிகாவின் குஞ்சு ஓட்டைத் தானே உடைத்து வெளியே வந்தது. கொண்டை வருமா வராதா என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. சில நாள் கழித்து நான் எங்கள் வீட்டுக் கூரையில் சர்க்கரைப் பாதாமிப் பழங்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, வழக்கம்போலக் கன்னம் உப்ப அண்ணன் பக்கத்தில் தம் கூரைக்கு ஏணியேறி வந்தார். கூண்டுக்குள் சாம்பல் புறா தன் நீள அலகைக் குஞ்சின் வாயில் நுழைத்து ஊட்டிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்தபடி அது முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாயிலிருந்த கோதுமையைத் தானே விழுங்கினார்.