ஏழு மார்க்

நான் பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். அரையாண்டுத் தேர்வில் நாற்பதை ஒட்டி எடுக்கும் பிள்ளைகளுக்கு, ஸ்டெப் மார்க்கை வெட்டி, பாஸாக ஒன்று குறைவாக முப்பத்துநான்கு போடுவது என் வழக்கம். அந்த ஒரு மார்க்குக்காக வெறியோடு படிப்பார்கள் என்று நம்பினேன். பலர் படித்தார்கள். செல்வி பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

பொங்கல் கழிந்து ராதாபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கணக்கு வராது சார். விடியவிடியப் படிச்சும் முப்பத்துநாலுதான்."

அவள் எடுத்தது நாற்பத்தொன்று என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். சுற்றுகிற கை நிற்கவில்லை.

"சுத்துன பீடியக் கொடுக்கப் போனா பீடிக்கடையிலகூட எது கோணல்னு காட்டிட்டுத்தான் சார் கழிக்காவ."

அவள் திரும்பி வரவில்லை. அந்த ஏழு மார்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.