காஸ்டிங் போடாமல் வாங்கிய மேட்

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஒரு டீ சர்ட்டுக்கு நூல் எவ்வளவு, சாயம் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று காஸ்டிங் போட்டு, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விலை சொல்வது அவர் வேலை. அது ஆபீசோடு நின்றால் பரவாயில்லை. கடைக்குப் போனாலும் மனிதர் அதையேதான் செய்வார். குடையைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி, "துணி இவ்வளவு, கம்பி இவ்வளவு, மீதி பூரா அவன் லாபம்" என்பார். அடுத்து வாளியைத் தட்டிப் பார்த்து அதற்கும் ஒரு கணக்கு. ஊரே இப்படித்தான் இருக்கிறது. அடக்க விலை தெரிந்தவர்களுக்கு விற்கிற விலையைக் கொடுக்க மனம் வருவதில்லை. அதனால் எங்கள் வீட்டுக் குடை மழை வந்தால் மடங்கிக்கொள்ளும், வாளிக்குக் கைப்பிடி இருக்காது, குக்கர் விசில் அடிக்காமல் பெருமூச்சு மட்டும் விடும். எதையும் நாங்கள் ஒரே தடவையில் வாங்கி முடித்ததில்லை.

இதையெல்லாம் கிண்டல் செய்தே காலத்தை ஓட்டியிருப்பேன். என் குதிகால் விடவில்லை.

அதே கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் உருப்படிகளை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளும் வேலை. நின்றுகொண்டேதான் பார்க்க வேண்டும். துணியில் மண் படக்கூடாது என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவோம். வெறுங்கால், டைல்ஸ் தரை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் குதிகாலில் ஆணி இறங்கினது போல இருக்கும். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறுவேன், மேசையில் சாய்வேன், தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஒரு நடை போய்விட்டு வருவேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஏதோ அவசரத்தில் தவிக்கிறேன் என்று தோன்றும்.

என் மேசையிலேயே பக்கத்தில் நிற்பவள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவளுக்கு முட்டு வலி. "யக்கா, முட்டு வலிக்கி" என்று முனகிக்கொண்டே கையை நிறுத்தாமல் வேலை பார்ப்பாள். வலியை இருவருமே வெளியில் சொல்வதில்லை. நிற்க முடியாதவர்களுக்குச் செக்கிங்கில் இடமில்லை என்று சூப்பர்வைசர் வாய்விட்டே சொல்வார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு என்னைவிட அதிகம். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டு வாடகை.

ஆடிட் வருகிற நாளில் மட்டும் எங்கள் காலுக்கு யோகம் அடிக்கும். ஆர்டர் கொடுக்கிறவர்கள் சார்பில் ஆட்கள் வந்து, கம்பெனியில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து கறுப்பு ரப்பர் மேட்டுகள் வெளியே வந்து எங்கள் காலடியில் விரியும். கனமான மேட். மிதித்தால் கொஞ்சம் அமுங்கி, காலைத் தாங்கிக்கொள்ளும். போன ஆடிட் அன்று சாயங்காலம் வரைக்கும் எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"அக்கா, மேட்டச் சுருட்டி ஸ்டோர்ல குடுத்துருங்க. அழுக்காயிருமுங்க."

காலில் மிதிக்கிற பொருள் அழுக்காகாமல் யாருக்காக இருக்க வேண்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சுருட்டிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "ஏனுங்க, அது மாதிரி ஒரு மேட்டு எனக்கு வாங்கோணுமுங்க."

அவர் விலையை விசாரித்துக்கொண்டு வந்தார். மறுபடியும் காஸ்டிங். "பூரா தூள் ரப்பரு புள்ள. அதுக்குப் போயி அத்தன காசா? நம்மூர்ல பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்?"

திருப்பூரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான் மருந்து. தலையணைக்குள் அதுதான், வண்டி துடைக்க அதுதான், ஜன்னல் இடுக்கை அடைக்கவும் அதுதான். கட்டிங்கில் விழுந்த துண்டுகளை அடுக்கடுக்காக வைத்து, தெரிந்த டெய்லரிடம் கொடுத்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்து, மெத்தை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் கலந்து பார்க்கவும் அழகாகவே இருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. செலவே இல்லை பார்த்தாயா என்றார்.

முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அமுங்கித் தட்டையாகிவிட்டது. டைல்ஸில் வழுக்கி, ஒரு தடவை மேசையைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்தே இருப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பிறகு வெள்ளை உருப்படிகள் செக்கிங்குக்கு வந்தன. காலடியில் தேய்ந்து கிளம்பிய வண்ணப் பிசிறெல்லாம் ஃபேன் காற்றில் பறந்து வெள்ளைத் துணியில் ஒட்டிக்கொண்டது. கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நானே ஒரு கட்டு முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பிசிறு ஒட்டவைத்து அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார். நானும் பக்கத்தில் நிற்பவளும் மத்தியானம் முழுக்க ஒவ்வொரு பிசிறாகக் கிள்ளி எடுத்தோம். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. அவள் மட்டும் சிரித்தாள். "ஒங்க வீட்டு அண்ணாச்சி காசு செலவழிக்கலன்னாலும் நம்ம உசுரு செலவாவுதுக்கா."

ஞாயிற்றுக்கிழமை நான் வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் போனில், ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்டிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "இல்லீங்க சார், அந்த ரேட்டுக்கு முடியாதுங்க சார். நூல மட்டமாப் போட்டா மொத வாஷ்லயே முறுக்கிக்குமுங்க. நல்ல சரக்குன்னா அதுக்குண்டான வெலையக் குடுக்கோணுமில்லீங்களா?"

போனை வைத்ததும் கேட்டேன். "அந்த சார் நமக்குப் போடறதும் காஸ்டிங்தானுங்களே?"

அவர் என்னையும் வெந்நீரையும் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுநாள் பெர்மிஷன் போட்டுவிட்டு மெஷின் சாமான் கடைக்கு நானே போனேன். கடைக்காரர் விதவிதமாக எடுத்துப் போட்டார். பழக்கதோஷத்தில் நானும் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். அடக்க விலை என்னவாக இருந்தால் எனக்கென்ன, நிற்கப் போகிறது என் கால்.

"ஒரு ஆளு நிக்கறதுக்குச் சின்னதே போதுமுங்களே" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு ஆளு நிக்கோணுமுங்க" என்றேன். அகலமானதை வாங்கினேன். பேரம் பேசவில்லை. பேசாமல் வந்ததே பஸ் ஏறும் வரைக்கும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

உங்கள் சொந்தச் செலவென்றால் எனக்கென்ன என்று சூப்பர்வைசர் விட்டுவிட்டார். வலது பாதி எனக்கு, இடது பாதி அவளுக்கு. "முட்டு ஒண்ணுமே தெரியலக்கா" என்று அவள் அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போவது குறைந்தது. கழுவினோம், மிதித்தோம், மேட் தட்டையாகவே இல்லை. இந்த ஊருக்கு வந்து நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, முகம் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அந்த ஏஜெண்டு சாரோட ஆர்டரு போயிருச்சு புள்ள. வேற எங்கயோ கம்மிக்குச் செஞ்சு குடுக்கறாங்களாம். சரக்கு எப்படி இருந்தா என்ன, ரேட்டுத்தான் வேணுமாம்."

அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் எங்கள் மேசைதான் ஞாபகத்துக்கு வந்தது.

பயந்தபடியே நடந்தது. துணி குறைந்ததால் செக்கிங்கில் ஆள் குறைத்தார்கள். மேசைக்கு ஒருவர் போதும், கடைசியாகச் சேர்ந்தவர்கள் போகலாம் என்றார் சூப்பர்வைசர். அவள் எனக்குப் பின்னால் சேர்ந்தவள். இப்போது எவ்வளவு நேரமானாலும் அவளால் நிற்க முடியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. அவள் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள்.

"வாரேங்கா. மேட்ட ஸ்டோர்ல குடுத்துராதீங்க. நல்ல மேட்டு."

அடுத்த நாள் சூப்பர்வைசர் மேசைப் பக்கம் வந்தார். "இனி நல்லா விசாலமா நிக்கலாமுங்கக்கா" என்றார்.

நான் வலது பாதியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.