குமிழி வராத தொட்டிகள்

அந்தத் தெருவில் அவளைப் பாசிக்காரி என்றுதான் சொல்வார்கள். வீட்டின் பின்புறம் ஐந்து சிமெண்ட் தொட்டிகள். மீன் தொட்டிக்குள் வைக்கும் நீர்ச்செடிகளை அவற்றில் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். தண்ணீரைக் கால்வாயிலிருந்து மோட்டார் வைத்து இறைக்கிறாள். கணவனுக்கு அதே கால்வாயின் மேற்பக்கம் உள்ள முலாம் பூசும் பட்டறையில் வேலை.

காலை வெயில் ஏறியதும் இலை நுனிகளிலிருந்து முத்து முத்தாகக் குமிழி கிளம்ப வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகும் கட்டுகளைக் கட்டுவாள். இந்தக் கோடையில் குமிழி குறைந்து, பிறகு நின்றே போனது. வெயில் போதவில்லை என்று நினைத்து நிழல்வலையைக் கழற்றினாள். இலை வெளுத்தது. உரம் கரைத்து ஊற்றினாள். வேர் கறுத்தது.

நாத்தனார் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு பிடி செடியும் கொண்டுபோனவள், ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, தண்ணியில செம்பு ஏறிக் கிடக்கு. இலைப் பச்சைக்கு நடுவுல மெக்னீசியம் இருக்கணும். அதைத் தள்ளிட்டு செம்பு உக்காந்துக்குது. அப்புறம் வெயில் பட்டாலும் இலையால தனக்குச் சாப்பாடு சமைக்க முடியாது, குமிழியும் வராது."

"அதுக்குத்தானே வலையைக் கழட்டுனேன்."

"அது இன்னும் மோசம். காலொடிஞ்சவன் தலையில மூட்டையை ஏத்தின மாதிரி. வாங்குன வெளிச்சத்தைச் செலவழிக்க வழியில்லாம இலையே கருகிடும்."

"செம்பு எங்கேருந்து வருது?"

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவன் கொல்லைப் படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"என்னை ஏன் பாக்குற? திறக்கச் சொல்றாங்க, திறந்து விடுறேன்."

"கழிவுத் தண்ணி வால்வைத் திறக்குறது நீங்கதானா?" என்றாள் மனைவி.

"வேற யாரு, உங்கப்பாவா?"

யாரும் சிரிக்கவில்லை. செருப்பைப் படியோரம் தள்ளிவிட்டு, "புகார் குடு. வேணாம்னு நான் சொல்லல," என்றான்.

"குடுத்துட்டு? உங்க வேலையும் போச்சுன்னா, இந்த வெளுத்த செடியை வித்தா உலை வைக்கிறது?"

புகார் போகவில்லை. முதல் தொட்டியில் இப்போது ஆகாயத்தாமரை மிதக்கிறது. கால்வாய்த் தண்ணீர் அதில் தங்கி, வேர்கள் முடிந்த மட்டும் செம்பை இழுத்த பிறகே மற்றத் தொட்டிகளுக்குப் போகிறது. இரண்டில் செடி தேறியது, இரண்டில் தேறவில்லை. செம்பு ஏறிய தாமரையை மாட்டுக்குப் போடவும் கூடாது, திரும்பக் கால்வாயில் விடவும் கூடாது. வேலை முடிந்து வந்ததும் அவன்தான் அதை அள்ளிச் சாக்கில் கட்டுகிறான்.

"இதையெல்லாம் எங்கதான் கொண்டுபோய் போடுறது?"

"உங்க முதலாளி வீட்டு வாசல்ல போடுங்க."

அவன் சாக்கின் வாயைக் கட்டி, சுவரோரம் இருந்த மற்றச் சாக்குகளோடு சாய்த்து வைத்தான்.