ஐந்தாவது காசின் எடை

1979 ஜூன் 10. ஐந்தாவது காசு, 26.8 கிராம்.
1979 ஜூன் 12. பத்தர் கூலி, ரூ. 15.
1979 ஜூன் 14. நிக்காஹ். மஹர், சீன வெள்ளிக்காசு ஐந்து.
2024 ஜனவரி 8. ஐந்தாவது காசு, 24.1 கிராம்.

திருமலைராயன்பட்டினம் ஜெகபர் அலியின் குறிப்பேட்டில் இல்லாதது ஒரே ஒரு வரிதான்: பத்தரிடமிருந்து காசு திரும்பிய அன்றைய எடை.

அவருடைய பாட்டனார் சைகோனில் கடை வைத்திருந்தபோது சேர்த்த காசுகள் அவை. கைமாறும்போதெல்லாம் அசல்தான் என்று சீன வியாபாரிகள் பொறித்த சின்னச் சின்ன முத்திரைகள் அவற்றில் இருந்தன. மாப்பிள்ளையாகவிருந்த ஜெகபர் அலிக்கோ அவை காயங்களாகத் தெரிந்தன. காயம்பட்ட காசையா மணப்பெண்ணுக்கு மஹராகக் கொடுப்பது என்று, அதிகம் அடிபட்டிருந்த ஒன்றைப் பத்தரிடம் கொடுத்து வழவழப்பாக்கி வாங்கினார்.

இப்போது அவருக்கு நெஞ்சு அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. மனைவியின் உடைமைகளைத் தனியே எழுதி வைக்கலாமென்று காசுகளை நிறுத்தார். தேய்த்ததில் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கிராமா போகும்? படமும் எடையும் சென்னையில் பழங்காசு பார்க்கும் ஆதவனுக்குப் போயின. நான்கு அசல் என்று பதில் வந்தது. ஐந்தாவதில், தான் முதலில் தேடும் முத்திரைகளே இல்லை; வெள்ளிதானா என்று தண்ணீருக்குள் எடை போட்டுப் பார்க்க வேண்டும், அனுப்புங்கள் என்றிருந்தார். ஜெகபர் அலி அதைப் பதிவுத் தபாலில் அனுப்பினார்.

அன்று மீன் ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் போய் நின்றார்.

"சித்திக்கா, அது பொய்க்காசா இருந்தா நான் உனக்கு இன்னும் மஹர் கடன்காரன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி நெஞ்சைத் தொறக்கப் போறாங்க."

"உப்பு, புளி வாங்குனதெல்லாம் எழுதுனீங்க. பத்தர் கொடுத்த காசை மட்டும் நிறுக்கலையாக்கும்?"

"கல்யாண அவசரம்."

"அந்த அவசரத்துக்கு நான் மன்னிக்கணுமா? மாட்டேன். கடனை வச்சுக்கிட்டு எங்கயும் போயிட முடியாதுல்ல? முடிச்சிட்டு வாங்க, பேசிக்கலாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதே மீனையே திரும்பத் திரும்பக் கழுவினாள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போடும்வரை அவர் கேட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை.

மார்ச் முதல் தேதி வீடு திரும்பினார். மூன்று நாளில் ஆதவனின் இரண்டாவது கடிதமும் வந்தது. சித்திக்காவே பிரித்துப் படித்தாள்: உள்ளே செம்பு, மேலே மட்டும் வெள்ளி. பழைய காசைப் பார்த்து வார்த்த நகல்.

பத்தர் இறந்து இருபது வருடமாகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

"அப்ப கடன்தான்," என்றாள் சித்திக்கா. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "மெதுவா அடைங்க," என்றாள்.

அவர் குறிப்பேட்டை வாங்கி, நெஞ்சு வலிக்க வலிக்க எழுதினார்.

மஹர் பாக்கி, ஒரு காசு. கடைசிக் கடிதம் வந்தது, 2024 மார்ச் 4, திங்கள்.