மூட மூடத் திறந்த பள்ளம்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய் என்றால் நடுராத்திரி, பாழடைந்த பங்களா என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஐந்தாவது மாடி ஆபீசில்.

வெள்ளத்தை முன்கூட்டியே கணக்கிடுவது என் வேலை. விமானத்திலிருந்து அளந்த மேடு பள்ளமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதன்மேல் பேய்மழையைப் பெய்ய விட்டு, ஆறு எந்தத் தெருவுக்குள் புகும் என்று பார்ப்போம். அளந்ததில் தப்பிருந்தால் இல்லாத பள்ளங்கள் தெரியும். தண்ணீர் அதில் சிக்கிக் கணக்கு கெட்டுவிடும். அதனால் முதல் வேலையாக அவற்றை மூடிவிடுவோம். ஒரே ஒரு பட்டன்தான்.

அன்று நிஜமாகவே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. எந்தெந்தத் தெருக்களைக் காலி செய்வது என்ற வரைபடத்தை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தங்கை போன் செய்தாள். போன மாதம்தான் கைக்குழந்தையோடு ஆற்றோரம் வாடகைக்குப் போயிருந்தாள். அந்த வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

“அண்ணா, வீட்டுக்காரர் இங்கெல்லாம் தண்ணி வராதுன்னு சொல்றாரு. கிளம்பவா, இருக்கவா?”

“இரு. கணக்குப் போட்டுச் சொல்றேன்.”

அவள் தெருவில் ஒரு பள்ளம் தெரிந்தது. சதுரமாக, வெட்டி வைத்ததுபோல. தப்பு அளவு என்று மூடினேன். கணக்கு ஓடி முடிந்தது. தெரு காய்ந்து கிடந்தது. இருக்கச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

சரக்...

மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம். ஐந்தாவது மாடியில் ஏது மண்? பக்கத்து அறையில் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். பள்ளம் திரும்ப வந்திருந்தது.

பழைய ஃபைலைத் திறந்துவிட்டேன் போல. மறுபடி மூடினேன்.

சரக்... சரக்...

பள்ளம் இருந்தது. முன்பைவிட ஒரு மீட்டர் ஆழமாக.

எழுந்துபோய்ப் பக்கத்து அறையைப் பார்த்தேன். காலி. மாடி முழுக்க நான் மட்டும்தான். ஜன்னல்கள் சாத்தியிருந்தும் ஈர மண் வாசனை அடித்தது.

திரும்பவும் மூடினேன்.

இப்போது மண்வெட்டி இல்லை. விரல்கள். யாரோ வெறும் கையால் பிறாண்டுகிறார்கள்... என் மேஜைக்கு அடியில்.

குனிந்து பார்க்கவில்லை.

பயம்கூட வரவில்லை. உடம்பு மரத்துப்போயிருந்தது. பட்டன்மேல் இருந்த விரல் என்னுடையது மாதிரியே இல்லை.

சத்தம் வேகமானது...

விரலை எடுத்தேன்.

நின்றது.

பள்ளத்தை அப்படியே விட்டுக் கணக்கை ஓட்டினேன். தங்கை தெருவில் நாலு மீட்டர் தண்ணீர்.

“குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பு. இப்பவே.”

“என்னண்ணா ஆச்சு?”

“கிளம்புடி!”

வரைபடத்தையும் அனுப்பினேன். இருட்டுவதற்குள் தெருவே காலியானது. மறுநாள் தங்கை வீட்டில் கூரை மட்டும்தான் வெளியே தெரிந்தது. எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன். சந்தோஷம் மட்டும் வரவே இல்லை.

நிலம் அளந்த கம்பெனிக்குப் போன் போட்டேன். விமானம் பறந்தது மூன்று வருஷத்துக்கு முன்பு. தங்கை தெருவில் செங்கலுக்கு மண் எடுத்தது அதற்கு அடுத்த வருஷம். எடுத்த பள்ளத்துக்குள்ளேயே வீடுகளும் கட்டிவிட்டார்கள்.

“அந்தப் பள்ளம் எங்க ஃபைல்ல இருக்க வாய்ப்பே இல்லையே, சார்” என்றார் கம்பெனியிலிருந்து பேசிய பெண்.

தண்ணீர் வடிந்தபோது தங்கை வீட்டுத் தரை பெயர்ந்து கிடந்தது. அடியில் ஒரு மனுஷரின் எலும்புகள். மண் வெட்ட வந்த கூலிக்காரர். பள்ளத்தின் கரை சரிந்து புதைந்தவரை, விஷயம் வெளியே போனால் வேலை நின்றுவிடும் என்று, மேலும் மண் தள்ளிச் சமன்படுத்திவிட்டார்களாம். மண்ணைத் தள்ளிய புல்டோசர் டிரைவர் போலீசில் ஒத்துக்கொண்டான்.

மண் விழ விழ, “மூடாதீங்கய்யா, உயிரோடதான் இருக்கேன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்ததாம். அது காதில் விழாமல் இருக்க, அவன் எஞ்சினை இன்னும் கொஞ்சம் உறும விட்டானாம்.