இடது பக்க ஆழம்

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நான் ஒரு படகில் மல்லாந்து படுத்திருந்தேன்.

மழை பெய்துகொண்டிருந்தது. காயல் தண்ணீர் அசையவே இல்லை. தலைமாட்டில் ஒரு பெண் நின்று, மூங்கில் கழியைத் தண்ணீரில் விட்டு ஆழம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். "மூணு… ரெண்டு… மூணு…" இன்னொருத்தி அதை எழுதிக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கவும் முடியாது. என் வாய் திறந்தபடி இருந்தது.

படகெல்லாம் ஒன்றுமில்லை. போர்ட் கொச்சியில் ஒரு பல் டாக்டரின் நாற்காலி அது. அதில் சாய்த்ததும் எனக்குக் கண் சொருகிவிடும். பல் டாக்டரிடம் போய்த் தூங்குகிற ஒரே பொம்பளை நீதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். பயத்தில் வருகிற தூக்கம் அது என்று அவருக்குத் தெரியாது.

டாக்டர் நிம்மி ஒரு மெல்லிய கம்பியைப் பல் ஓரமாக விட்டு, ஈறு எவ்வளவு ஆழத்துக்குப் பல்லை விட்டு விலகியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருந்தார். மூணு வரை பயமில்லையாம். வலது பக்கம் முழுக்க ரெண்டும் மூணுமாகவே வந்தது. படகு நிம்மதியாகப் போயிற்று. பிறகு இடது பக்கம் திரும்பியது.

"ஆறு… ஆறு… எட்டு."

எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். என் தூக்கம் போய்விட்டது.

"இத்தா, ஒரே வாய்தானே?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார் டாக்டர். "இடத்தே பக்கம் மட்டும் என்ன செஞ்சீங்க?"

என்ன செய்தேன்? உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்…

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கொய்யாக்காயைக் கடித்தேன். கடித்த இடத்தில் வெள்ளைச் சதை சிவந்திருந்தது. காய்தான் சிவப்புக் கொய்யா என்று இரண்டு நிமிடம் நம்பினேன் — மனசு அப்படித்தானே? அப்புறம் பார்த்தால் கீழ் வரிசையில், முன்னால், இடது பக்கத்துப் பல் ஒன்று லேசாக ஆடியது. நாக்கு சும்மா இருக்குமா? நாள் முழுக்கப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது.

ஒரு பல்தானே என்று நீங்கள் சொல்லலாம். நான் வாய்விட்டுச் சிரிக்கிறவள். பெண் பார்க்க வந்த அன்று உள்ளறையில் நான் சிரித்தது வெளியே கேட்டு, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சரி என்று சொன்ன மனுஷர் என் வீட்டுக்காரர். முன்பல் போனால் கையால் பொத்திக்கொண்டுதான் சிரிக்க வேண்டும். இந்த வயதில் சிரிப்பை மாற்றிக்கொள்ள என்னால் ஆகாது. அந்தப் பயத்தில்தான் டாக்டரிடம் ஓடினேன்.

ஈறு நோய் என்றார். ஈறுக்கு அடியில் கல் மாதிரி படிந்திருப்பதை இரண்டு தடவையாக எடுக்க வேண்டும். முதல் வாரம் வலது பக்கம், அடுத்த வாரம் இடது. வலது பக்கத்தைச் சுத்தம் செய்து முடித்ததும், மழுங்கிய ஊசியால் அங்கங்கே ஒரு மஞ்சள் நிற ஜெல்லை வைத்தார். சில்லென்று இருந்தது. சுரண்டிய எரிச்சல் அடங்கி, எனக்கு மறுபடி கண்ணைச் சுழற்றியது.

"இது மஞ்சள்ல இருந்து எடுத்ததாக்கும், இத்தா. கற்றாழையில செஞ்சதும் உண்டு. கூட ஒரு உதவி, அவ்வளவுதான். மெயின் வேலை க்ளீனிங்தான், கேட்டோ?"

கேட்டேன். ஆனால் பாதித் தூக்கத்தில் என் காதில் தங்கியது 'மஞ்சள்' மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து அதை மட்டும் சொன்னேன். யாரிடம்? மட்டாஞ்சேரி பஜாரில் முப்பது வருஷமாக மஞ்சள் தரகு செய்கிற என் வீட்டுக்காரரிடம்.

அவர் மஞ்சள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். சாக்கில் கைவிட்டு ஒரு விரல் மஞ்சளை எடுப்பார். கடைவாயில் வைத்து 'டக்'கென்று உடைப்பார். அந்தச் சத்தத்தில் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று தெரியும். உடைந்த இடத்து நிறத்தைப் பார்ப்பார், ஒரு துண்டை மென்று துப்புவார், பிறகுதான் பேச்சு. காலையில் பல் தேய்ப்பதே தன் கையால் அரைத்த மஞ்சள்-உப்புப் பொடியில்தான்.

அவருக்கு ஒரே சிரிப்பு. "அந்த டாக்டரம்மா ட்யூப்ல அடைச்சு வச்சிருக்கறது நம்ம கோடவுன்ல சாக்கு சாக்கா கிடக்கு. முப்பது கொல்லமா கடிக்கறேன், எனக்கு ஒரு பல்லு ஆடிச்சா? நீ அடுத்த வாரம் போகண்டா. நான் செஞ்சு தரேன்."

செய்தும் தந்தார். இருப்பதிலேயே நல்ல மஞ்சளாகப் பொறுக்கி அரைத்து, மொட்டைமாடித் தொட்டியில் இருந்த கற்றாழையை வழித்துப் போட்டுக் குழைத்து, காலையும் சாயங்காலமும் தன் விரலாலேயே என் இடது பக்க ஈறில் தடவினார். ஜன்னலுக்கு வெளியே மழை, கன்னத்தில் அவர் கை, வாயெல்லாம் மஞ்சள் மணம். எனக்கு அவர் மேல் அவ்வளவு பிரியமாக இருந்தது.

பிரியம் மட்டும்தானா? இடது பக்கச் சுரண்டலுக்கு எனக்குப் பயம். க்ளினிக்குக்கு போன் செய்து, கொஞ்சம் பிஸி, அப்புறம் வருகிறேன் என்று சொல்ல ஒரு நல்ல சாக்கு கிடைத்தது. மஞ்சள் அவருடையது, சாக்கு என்னுடையது.

மூன்றே நாளில் ரத்தம் நின்றது. துப்பினால் வாஷ்பேசினில் மஞ்சள், வெறும் மஞ்சள். "பார்த்தியா?" என்றார். பார்த்தேன். மூன்று மாதம் அப்படியே மிதந்து போயிற்று. பல் மஞ்சள், தலையணை உறை மஞ்சள், கனவுகூட மஞ்சளாக வந்திருக்கும். பல் ஆடுவது கொஞ்சம் கூடியது மாதிரி இருந்தபோதும், குணமாகிற பல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போன திங்கட்கிழமை எழுந்தால், இடது கன்னம் வீங்கியிருந்தது.

இவ்வளவையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"மஞ்சள் நல்லதுதான் இத்தா. ஆனா அடியில இருக்கற கல்லை அது கரைக்காது. கல்லை எடுத்த இடத்துலதான் அது ஏதாச்சும் செய்யும். சோறே இல்லாம ஊறுகாய் மட்டும் விளம்பினா ஊணாகுமா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் குழம்பைத் தடவினதுக்கப்புறம் ரத்தம் வந்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

எங்கள் வாஷ்பேசின் கண்முன் வந்தது. ரத்தம் நிற்கவே இல்லை. அது தினமும் மஞ்சளோடு மஞ்சளாகப் போயிருக்கிறது.

முன்னாலேயே வந்திருந்தால் பல் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "உறுதியா சொல்ல மாட்டேன். ஒரு சான்ஸ் இருந்தது" என்றார். பக்கத்துப் பற்களுக்கு இன்னும் இருக்கிறதாம். வருகிற செவ்வாய் இடது பக்கம் க்ளீனிங், அப்புறம் ஜெல். அந்த ஒரு பல்லை மட்டும் அன்றே எடுத்துவிட்டார். மரத்துப்போயிருந்ததால் வலிக்கவில்லை. ட்ரேயில் விழுந்த சத்தம் கேட்டதும் அழுதேன்.

வெளியே குடையோடு நின்றிருந்த வீட்டுக்காரரிடம் டாக்டரே வந்து எல்லாம் சொன்னார். ஆட்டோவில் ஏறினோம். மழையில் ரோடு கரைந்து தெரிந்தது. பஜார் ரோட்டில் திரும்பும்போது சுக்கும் மஞ்சளும் கலந்த வாசம் வந்தது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"மஞ்சள் எனக்கு அறியும். பல்லு அறியாது."

முப்பது வருஷத்தில் அவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன தினுசில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சு வைத்த வாயோடு சிரித்தேன். கை தானாக வாயைப் பொத்தப் போயிற்று. அவர் அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்து, வீடு வரும்வரை விடவில்லை.

மறுநாள் காலை அவருடைய பல்பொடி டப்பாவை எடுத்து ஒளித்து வைத்தேன். கடையில் வாங்கிய வெள்ளைப் பேஸ்டும் புது ப்ரஷ்ஷும் வைத்தேன். முனகிக்கொண்டே தேய்த்தார், துப்பினார். வெள்ளை நுரையில் ஒரு சிவப்புக் கோடு. குழாயைத் திறக்காமல் வாஷ்பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தா மச்சான்?"

"ஒண்ணுமில்ல… அந்த டாக்டரம்மா நம்பரை எங்க வச்சிருக்கே?"

வருகிற செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் படகு ஏறுகிறோம்.