பழவேற்காட்டில் நான் வென்ற வழக்கு

ஒல்லாந்தரின் டச்சு மொழியைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு, துபாஷி என்று சொல்லி வேலையில் சேர்ந்தவன் நான். இரண்டு வாக்கியம் தாண்டினால் எனக்கே நான் பேசுவது புரியாது.

பழவேற்காட்டுக் கோட்டைத் துறையில் நிற்கிறேன். தொழில் செய்கிறாள் என்று கனகு என்பவளை ஏரிக்கு அக்கரையில் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறார் கோட்டைத் தளபதி. அவள் வீட்டுக்குப் போய்வந்த சிப்பாய் நிழலில் நின்று சுங்கானில் புகை பிடிக்கிறான். அவனுக்குத் தண்டனை ஏதுமில்லை.

“உங்கள் ஊரிலும் இப்படித்தானா?” என்று அவளை ஏற்றிப்போக வந்த படகுக்காரரைக் கேட்கிறேன்.

“எங்க குப்பத்துல ஆம்பளையத்தான் புடிப்போம். ஏரில வலை போட அவனுக்கு ஒரு முறை வரும்ல, பாடுன்னு சொல்லுவோம், அத்த நிறுத்திடுவோம். பொம்பளைய இன்னாத்துக்குத் தொரத்தணும்?”

“அத்த அந்தாளாண்ட சொல்லுங்க துபாஷியாரே,” என்கிறாள் படகருகே நிற்கும் கனகு. “அக்கரைல எனக்கு யாரு கீறாங்க?”

துறையைப் பார்த்தபடி கோட்டை வாசலில் நிற்கும் தளபதியிடம் போகிறேன். இந்தத் தொழிலுக்கு எந்த நாட்டில் வரி, எந்த நாட்டில் சவுக்கடி, எங்கே கண்டும் காணாத பாவனை என்று படித்ததையெல்லாம் கொட்டி முழங்குகிறேன். தளபதி என் தோளுக்கு மேலே வெறித்துப் பார்க்கிறார். கடைசியில் “இருந்துவிட்டுப் போகட்டும்” என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

நான் அடக்கமாகக் கனகைப் பார்க்கிறேன்.

“நீங்க பேசிக்கினு இருக்கசொல்லவே, உங்க பின்னால படகுக்காரங்க அத்தினி பேரும் என்னை ஏத்திக்கினு போவ மாட்டோம்னு கோலைக் கீழ போட்டுட்டு எறங்கிட்டாங்க,” என்கிறாள். “நீங்க பேச்சை நிறுத்தியிருந்தா அவரு அப்பவே சரின்னுட்டு உள்ள போயிருப்பாரு.”